பெரிய வண்டியும் அன்றாடப் பாதையும்

விளம்பரப் படங்களில் பெரிய எஸ்.யு.வி. வண்டி பனிமலையின் விளிம்பில் நிற்கிறது, ஆற்றைக் கடக்கிறது, மணல்மேட்டின் உச்சியில் புழுதி பறக்கத் திரும்புகிறது. நேரில் நாம் அதைக் காண்பது பெரும்பாலும் வேறிடத்தில். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில், முன்னால் ஓர் ஆட்டோ, பின்னால் மாநகரப் பேருந்து, இருபுறமும் இருசக்கர வாகனங்கள் என நெருக்குண்டு அது ஊர்ந்துகொண்டிருக்கிறது. மலையேற வல்ல வண்டிதான். ஆயினும் அதற்கு வாய்த்தது அலுவலகப் பாதை.

இத்தகைய வண்டியொன்றை வாங்கலாமா என்ற வினா அண்மையில் பெங்களூருவில் எங்கள் இல்லத்திலும் எழுந்தது. மனை ஒன்றை விற்ற தொகை வங்கிக் கணக்கில் இருந்தது. வாகனக் கடன் பெறுவதற்கான தகுதியும் இருந்தது. எங்கள் விருப்பம் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 என்னும் வண்டியின்மேல் சென்றது. எங்கள் நண்பர் ஒருவர் தம்முடைய டிஃபெண்டரை ஒரு வாரம் எங்களிடம் ஒப்படைத்து, "ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்றார். அந்த ஒரு வாரத்திலும், அதன்பின் ஒரு மாதம் நாங்கள் எழுதிவந்த குறிப்பேட்டிலும் அறிந்துகொண்டவற்றை, இதே எண்ணம் கொண்டிருக்கும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எங்கள் கருத்து இதுதான்: ஒரு வண்டியை, ஆண்டில் ஐந்து நாள்கள் செல்லக்கூடிய பாதையை வைத்து மதிப்பிடலாகாது, எஞ்சிய முந்நூற்று அறுபது நாள்கள் செல்லும் பாதையை வைத்தே மதிப்பிட வேண்டும்.

எதற்காகப் பிறந்த வண்டி

லேண்ட் ரோவரின் கதை ஆடம்பரத்தில் தொடங்கவில்லை, வயல்வெளியில் தொடங்கியது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, அது உழவர்களுக்குப் பயன்படும் எளிய கருவியாகவே கருதப்பட்டது. டிஃபெண்டர் என்ற பெயர் 1990-இல் வந்தது. பழைய வடிவத்தின் உற்பத்தி 2016 ஜனவரியில் நிறைவுற்றது. 2019-இல் முற்றிலும் புதிய வடிவம் அறிமுகமாகி, மறு ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்தது. 2008 முதல் இந்நிறுவனம் டாட்டா குழுமத்துக்கு உரியது என்றாலும், டிஃபெண்டர் உருவாவது ஸ்லோவாக்கியா நாட்டின் நித்ரா நகரத் தொழிற்சாலையில்தான்.

இவ்வண்டியின் மூதாதையர் நம் நாட்டிலும் உழைத்திருக்கின்றனர். மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலைப்பகுதியில் மானேபஞ்சன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்குச் செல்லும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மலைப்பாதையில், 1950-களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆள்களையும் சரக்குகளையும் சுமந்து வந்தன. கல் பாவிய அச்செங்குத்துப் பாதையில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி இன்றியமையாதது. அங்கு அதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லார். அவர்களுக்கு அதுவே அன்றாடப் பாதை.

புதிய டிஃபெண்டரின் வல்லமையும் பொய்யன்று. ஏர் சஸ்பென்ஷன் உயர்த்தப்பட்ட நிலையில் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 291 மில்லிமீட்டர். 900 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் திறன் உண்டு. முன்புறம் 38 பாகையும் பின்புறம் 40 பாகையும் சரிவுள்ள மேடுகளில், தரையில் முட்டாமல் ஏறி இறங்கும். குறைந்த வேகத்தில் பெருவிசை தரும் தனிக் கியர் அமைப்பும் இருக்கிறது. இத்தனையும் உண்மை. ஆனால் இவ்வல்லமையைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அதற்குரிய விலையை நாள்தோறும் செலுத்துகிறோம். அவ்விலை பணமாக மட்டும் அமைவதில்லை.

அளவுநாடா சொல்வது

முதல் நாள் மாலையிலேயே அளவுநாடாவை எடுக்க நேர்ந்தது. நம் நகரங்களில் கார் நிறுத்துமிடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உடையதாக வரையறுக்கப்படுகிறது. பின்கதவில் பொருத்திய மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்தால் டிஃபெண்டர் 110-இன் நீளம் 5,018 மில்லிமீட்டர். அதாவது, சுவரை ஒட்டி நிறுத்தினாலும் கோட்டுக்கு வெளியே 18 மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் அகலம் 2,008 மில்லிமீட்டர். இருபுறமும் சேர்த்து எஞ்சுவது அரை மீட்டருக்கும் குறைவான இடம். எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் ஒருபுறம் தூண், மறுபுறம் பக்கத்து வீட்டாரின் கார். ஓட்டுநர் பக்கம் இறங்குவதற்கு இடம் விட்டால் மறுபக்கக் கதவு திறவாது. ஆகவே, நிறுத்துமுன் மற்றவர்களை வாயிலிலேயே இறக்கிவிடுவது அவ்வாரம் எங்கள் வழக்கமாயிற்று.

பின்கதவு மேல்நோக்கித் திறவாமல், வீட்டுக் கதவுபோல் பக்கவாட்டில் திறக்கிறது. மாற்றுச் சக்கரத்தின் எடையைத் தாங்க அதுவே பொருத்தமான அமைப்பு. திறந்த வெளியில் இடையூறும் இல்லை. கடைத்தெருவில் பின்னால் இன்னொரு வண்டி நெருங்கி நின்றுவிட்டால், காய்கறிப் பையை வைப்பதற்கு வண்டியை முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது பையை இருக்கையில் வைக்க வேண்டும்.

திரும்புவதற்குத் தேவைப்படும் வட்டத்தின் விட்டம் 12.84 மீட்டர். பெங்களூருவின் குடியிருப்புப் பகுதிகளில் முப்பதடிச் சாலையும் நாற்பதடிச் சாலையும் மிகுதி. நாற்பதடி என்பது 12.2 மீட்டர்தான், அதிலும் இருமருங்கும் கார்கள் நிற்கும். ஒரே வளைவில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தை அங்கே கைவிட வேண்டும். சிறிய காரில் நாம் உணராமலே செய்யும் செயல், இதில் முன்னும் பின்னுமாக மூன்று முறை நகர்ந்து முடிக்கும் செயலாகிறது. காமிராக்கள் உதவுகின்றன, பின்னால் ஒலிக்கும் ஹாரன்களை அவை நிறுத்துவதில்லை.

கார் வாங்கும் எவரும், விற்பனையகத்துக்குச் செல்லுமுன் தம் நிறுத்துமிடத்தையும், அதற்கு இறங்கும் சரிவையும், நுழைவாயிலின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் முதல் பரிந்துரை. செலவில்லாத ஆய்வு இது.

இருக்கையிலிருந்து தெரிவதும் தெரியாததும்

நிறைகளைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, நான்கு வண்டிகளுக்கு அப்பால் நடப்பதையும் முன்னரே காண்பது ஓட்டுநருக்குப் பெரும் ஆறுதல். மெட்ரோ பணி நடைபெறும் சாலையின் பள்ளங்களும், வண்ணம் பூசாத வேகத்தடைகளும் இவ்வண்டிக்கு ஒரு பொருட்டல்ல. மைசூரு விரைவுச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பின்னும் களைப்புத் தெரியவில்லை. இந்த வசதி உண்மையானது. இதை விரும்புவோரைப் பழிப்பதற்கில்லை.

ஆயினும் உயரத்துக்கு மறுபக்கமும் உண்டு. மூட்டுவலியுள்ள எழுபது வயதினருக்கு வண்டியில் ஏறுவது ஒரு தனிப் பணி. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி ஏறும்போது சற்றுத் தாழ்ந்து கொடுக்கிறது. அதன் பிறகும் எங்கள் அன்னையார் ஒரு கைப்பிடியையும் ஒரு தோளையும் பற்றியே ஏறினார். மூன்றாம் நாள், "நான் ஆட்டோவிலேயே வருகிறேன்" என்று கூறிவிட்டார். வீட்டில் முதியோர் இருப்பின், ஓட்டிப் பார்க்கும் நாளில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்வது நன்று. வண்டியின் உயரத்தைக் குறித்து அவர்களின் முழங்கால் தரும் தீர்ப்பு, எந்த விமர்சனக் கட்டுரையையும் விடத் தெளிவானது.

மற்றொன்று நம் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களைப் பற்றியது. வண்டியின் முன்மூடி உயர உயர, அதன் முன்னே தரையை ஒட்டி மறைந்துபோகும் பரப்பும் பெருகுகிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரிகள்மீது மோதும்போது மரணம் நேரும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிந்த முகப்பும் கொண்ட வண்டிகளைவிட ஏறக்குறைய 45 விழுக்காடு மிகுதி. நம் சாலைகளில் நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் வண்டிகளுக்கு நடுவே நடக்கின்றனர். 'பெரிய வண்டி பாதுகாப்பானது' என்னும்போது, யாருக்குப் பாதுகாப்பு என்ற வினாவையும் உடன் எழுப்புவது கடமை.

மழைநாள் வாதம்

இத்தகைய வண்டிக்கு ஆதரவாக நகரவாசிகள் கூறும் வலுவான வாதம் மழை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை அந்நகரம் மறக்கவில்லை. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலை நீரில் மூழ்கியதை நாங்களே கண்டோம். 900 மில்லிமீட்டர் நீரைக் கடக்கும் வண்டி அத்தகைய நாளில் காப்பாற்றாதா?

ஓரளவு காப்பாற்றும், ஆனால் அந்த 900 மில்லிமீட்டர் என்பது அடித்தளம் அறிந்த, ஓட்டமில்லாத நீரை மெதுவாகக் கடப்பதற்கான அளவு. வெள்ளம் சூழ்ந்த நகரச் சாலையில் கழிவுநீர்க் குழியின் மூடி இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று எவ்வண்டியும் அறியாது. பெரிய வண்டி எழுப்பும் அலை அருகிலுள்ள இருசக்கர வாகனத்தைச் சாய்க்கும். கடைக்குள் நீரைத் தள்ளும். மேலும், நகர வெள்ளத்தில் கார்கள் அடித்தளத்தில் நின்ற நிலையிலேயே மூழ்குவதும் உண்டு. அங்கே எந்தத் திறனும் பயன்படாது. அத்தகைய நாளில் வீட்டிலிருப்பதும், எந்தக் காராயினும் அதன் காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்திருப்பதுமே மேலான பாதுகாப்பு.

பணம் செல்லும் வழி

பெரும்பாலானோர் முதலில் கேட்பது மைலேஜ். எங்கள் கணக்கில் அதுவே மிகச் சிறிய தொகை. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் வண்டிக்குப் பதில் 7 கிலோமீட்டர் தரும் வண்டியை வைத்திருந்தால், கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 857 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 77,000 ரூபாய். குறைந்த தொகையன்று, ஆனால் இனி வருவனவற்றோடு ஒப்பிட்டால் அது சிறிதே.

எளிமைக்காக ஷோரூம் விலை ஒரு கோடி ரூபாய் எனக் கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. அவ்வொரு கோடிக்குள் வரி மட்டுமே ஏறக்குறைய 28.5 லட்சம். இறக்குமதி வண்டிக்குச் சுங்க வரியும் அதே விலைக்குள் அடங்கியிருக்கிறது. கர்நாடகத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 18 விழுக்காடு. அதாவது மேலும் 18 லட்சம், அதன்மேல் மேல்வரி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாகனத்துக்கு 1 விழுக்காடு வரி மூலத்தில் பெறப்படுகிறது. இதை வருமான வரியில் சரிக்கட்டிக்கொள்ளலாம். காப்பீட்டையும் சேர்த்தால் சாலைக்கு வரும்போது 1.2 கோடியைத் தாண்டிவிடும்.

இதில் 40 லட்சத்தைக் கையிலிருந்து தந்து, 80 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,28,700 ரூபாய். ஏழாண்டில் செலுத்தும் வட்டி மட்டும் 28 லட்சத்துக்கு மேல். இனி மதிப்புத் தேய்வைக் காண்போம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பை வரையறுக்கும் அட்டவணைப்படி, ஐந்தாம் ஆண்டில் தேய்மானம் 50 விழுக்காடு. சந்தை விலை சற்றுக் கூடலாம், குறையலாம். கணக்குக்கு இதுவே போதும். ஐந்தாண்டு முடிவில் வண்டியை 50 லட்சத்துக்கு விற்று, எஞ்சிய கடனான சுமார் 28 லட்சத்தை அடைத்தால், கையில் மிஞ்சுவது 22 லட்சம். அதுவரை நாம் செலுத்தியிருப்பதோ 117 லட்சம். வேறுபாடு 95 லட்சம். ஆண்டுக்கு 19 லட்சம்; நாளொன்றுக்கு 5,200 ரூபாய். டீசல், டயர், பராமரிப்பு, காப்பீட்டுப் புதுப்பிப்பு ஆகியவை இதில் அடங்கா. வண்டி அடித்தளத்தில் நின்றாலும் இத்தொகை ஓடிக்கொண்டேயிருக்கும்.

தொழில் நடத்தும் வாசகர்கள் கவனிக்க வேண்டியவை சில. தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குக் காரின் தேய்மானத்தை ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் செலவாகக் காட்டலாம். ஆனால் இத்தகைய பயணியர் காருக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாகப் பெறுவது பொதுவாக இயலாது. சம்பளம் பெறுவோர் தம் பெயரில் வாங்கும் காரின் கடன் வட்டிக்கு வரிச்சலுகை இல்லை. 'வரியில் மிச்சமாகும்' என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திடுமுன் தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நலம்.

கொள்கை மாற்றமும் ஓர் இடர். 2015 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2,000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்வதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், 1 விழுக்காடு சுற்றுச்சூழல் கட்டணத்தோடுதான் அத்தடை நீங்கியது. பெரிய டீசல் வண்டியை வாங்குவோர், பத்தாண்டுக்குப் பின் அதை எந்நகரில் ஓட்டலாம், யாருக்கு விற்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முப்பது நாள் குறிப்பேடு

வண்டியைத் திருப்பித் தந்த பின், எங்களிடமுள்ள பழைய காரை வைத்து ஒரு மாதம் குறிப்பேடு எழுதினோம். நான்கே பத்திகள்: சென்ற தொலைவு, உடன் சென்றோர், கண்ட மிக மோசமான சாலை, நிறுத்திய இடம். மாத முடிவில் தொலைவு ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கியது. இருபத்தாறு நாள்கள் கார் எடுத்தோம். அவற்றில் இருபத்து மூன்று நாள்கள் நகர எல்லையைத் தாண்டவில்லை. பெரும்பாலான பயணங்களில் காரில் இருந்தவர் ஒருவரோ இருவரோதான். தாரில்லாத பாதை, உறவினர் தோட்டத்துக்குச் சென்ற ஒரே நாளில், மூன்று கிலோமீட்டர். அதையும் பழைய கார் கடந்துவிட்டது.

எங்கள் கனவுப் பயணமோ லடாக். அங்குள்ள பாதைகள் இன்று எவ்வாறு இருக்கின்றன? எல்லைச் சாலைகள் அமைப்பு, உம்லிங் லாவில் 19,024 அடி உயரத்துக்கே தார்ச்சாலை அமைத்திருக்கிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயைச் சுற்றாமலே லாஹௌலுக்கு வழி தருகிறது. லே நகரில், பாதையையும் பருவத்தையும் அறிந்த உள்ளூர் ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொள்ளலாம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றே வைத்தாலும் பத்து நாளுக்கு ஒரு லட்சம். எங்கள் கணக்குப்படி, சொந்தப் பெருவண்டி இருபது நாள்கள் நின்ற இடத்தில் நிற்பதற்கு ஆகும் தொகை அது.

அப்படியாயின் இவ்வண்டி எவருக்கும் வேண்டாமா? அவ்வாறு நாங்கள் கூறவில்லை. குடகிலோ சிக்கமகளூரிலோ காபித் தோட்டத்தில் வாழ்வோர், மழைக்காலம் முழுதும் சேற்றுப்பாதையைக் கடந்தே வீடு சேர்வோர், மாதத்தில் பாதி நாள்கள் தொலைதூரக் கரடுமுரடான சாலைகளில் குடும்பத்தோடு செல்வோர் ஆகியோர் இதன் திறனை நாள்தோறும் பயன்படுத்துவர். கடனின்றி வாங்கும் வசதியும், நிறுத்த விரிந்த முற்றமும் உடையோர் தம் மகிழ்ச்சிக்காக வாங்குவதும் அவர்தம் உரிமை. மலைப்பாதைத் திறன் மட்டுமே தேவையெனில், மாருதி ஜிம்னியிலும் மஹிந்திரா தார் ராக்ஸின் நான்கு சக்கர விசை வகையிலும் குறைந்த வேகக் கியர் அமைப்பு உண்டு. ஆடம்பரம் குறையும், விலை கால் பங்கையும் எட்டாது. ஆனால் அவற்றுக்கும் அதே குறிப்பேட்டுச் சோதனை பொருந்தும்.

வங்கி நமக்குக் கடன் தர இசைவது, நம்மால் திருப்பிச் செலுத்த இயலும் என்பதற்கான சான்று. நமக்கு அது தேவை என்பதற்கான சான்று அன்று. அவ்விரண்டாம் தீர்ப்பை வீட்டில் அமர்ந்து நாமே வழங்க வேண்டும். எங்கள் வீட்டில் அத்தீர்ப்பு, மகளின் மேற்படிப்புக்கென அத்தொகையின் பெரும்பகுதியை வைப்பாக மாற்றுவதில் முடிந்தது. பழைய காருக்குப் புதிய டயர்கள் வாங்கினோம். அடுத்த ஜூனில் லே செல்வதற்குப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று.

சாலையில் அவ்வண்டி கடந்து செல்லும்போது இன்றும் திரும்பிப் பார்க்கிறோம். அழகான வண்டிதான், அதில் எங்களுக்கு ஐயம் ஏதுமில்லை. வாங்க எண்ணும் வாசகர்கள், முன்பணம் செலுத்துவதற்கு முன் ஒரு சிறு குறிப்பேட்டை வாங்கி முப்பது நாள்கள் எழுதிப் பாருங்கள். அதன் பின்னும் விடை 'ஆம்' என்று வருமாயின், அளவுநாடாவோடு அடித்தளத்துக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, மனநிறைவோடு வாங்குங்கள்.